குளவி போட்ட அடையாளத்தைக் கழுவலாமா?

வணக்கம். மகளின் உயர்தர உயிரியல் செயற்றிட்டத்துக்கு ஓர் உதவி வேணும்.

கோண்டாவில் வீட்டுப் பயிற்றங்கொடியில், இலைக்கு அடியில் நாற்றப்பூச்சி முட்டைகள். ஒரு மில்லிமீற்றர் அளவுக் கருங்குளவி ஒவ்வொன்றையும் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கிறது. ஒன்றுக்குள் தன் முட்டையை விட்டதும் வால் நுனியை அதன்மேல் அங்குமிங்கும் தேய்க்கிறது; அதுதான் அடையாளம் போல. அதே முட்டைக்குத் திரும்பி வந்தால், தட்டிப் பார்த்துவிட்டு விலகிவிடும்.

இதேபோல் பூச்சி முட்டைக்குள் முட்டையிடும் ட்ரைக்கோகிரம்மா என்ற குளவி விட்ட வாசனையைத் தண்ணீரில் கழுவலாம் என்று பூச்சியியலாளர் ஜோர்ஜ் சோல்ட் 1937இல் காட்டினார். ஆனால் குளவி தன் முட்டையிடும் ஊசியை உள்ளே செலுத்தினால், ஏற்கெனவே முட்டை விடப்பட்டதைக் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டுக் குளவியின் அடையாளத்தைக் கழுவவும் தண்ணீர் போதுமா, அற்ககோல் வேணுமா? எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலையே வெள்ளையாக்கும் சுண்ணாம்பு. பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.