டிட்டேயோட 4-1-4-1 நம்ம மண் கிரவுண்டுக்கு ஆகுமா?

வியாசை எட்டாம் நம்பர்
அண்டர் 17 ஃபுட்பால் பசங்க, பதினோரு பேர் ஆட்டம். இதுவரைக்கும் 4-4-2 (நாலு பேக், நாலு மிட்ஃபீல்டர், ரெண்டு ஃபார்வர்ட்). நடுவுல இருக்கற ரெண்டு பேரும் ஒண்ணா மேல ஏறிடறானுங்க, திரும்பறதுக்குள்ள கோல். பிரேசில் கோச் டிட்டே, அங்க கொரிந்தியன்ஸ் கிளப்ல ஆடவச்ச 4-1-4-1-க்கு (நாலு பேக், அவங்களுக்கு முன்னாடி ஒருத்தன், மேல நாலு பேர், ஒரு ஃபார்வர்ட்) மாத்தலாமான்னு யோசனை. 2012 டீமைப் பாக்கறதா, 2015-ஆ? முல்லை நகர் மாதிரி மண் தரைதான். வாரம் மூணு நாள், ஒன்றரை மணி நேரம். அடுத்த மாசம் நாக்-அவுட் இருக்கு.

கொருக்குப்பேட்டை ஸ்டாப்பர்
தலைவா, 2012-ல அவர் ஆடவச்சது 4-1-4-1 கிடையாது, 4-2-3-1. பேக்குங்களுக்கு முன்னாடி நிக்கற ரெண்டு பேர் ரால்ஃப், பவுலினியோ. பவுலினியோ ஏறினா ரால்ஃப் அசைய மாட்டார். உங்க வியாதிக்கு மருந்தே அதுதான். அந்த வருஷம் லிபர்டடோரஸ்ல (தென் அமெரிக்க கிளப் கப்) 14 மேட்ச், ஒண்ணுகூட தோக்கல, வாங்கினது 4 கோல். அர்ஜென்டினா டீம் போகா ஜூனியர்ஸ் கூட ஃபைனல் ரெண்டாவது மேட்ச்ல எமர்சன் அடிச்ச ரெண்டு கோலையும் பாருங்க. ரெண்டாவது, எதிராளி பேக் தப்பாக் கொடுத்த பாஸ்ல வந்தது. பின்னாடி கலையாம நின்னதால வந்த கோல்னு சொல்லுவேன்.

2015 வேற கதை. 2014 முழுக்க எந்த டீமும் எடுக்காம படிச்சார், ரியல் மாட்ரிட் போய் அங்க கோச்சா இருந்த ஆன்செலோட்டியைப் பாத்தார். திரும்பி வந்து ரால்ஃபைத் தனியா விட்டு, அவருக்கு மேல ஜாட்சன், எலியாஸ், ரெனாட்டோ அகஸ்டோ, மால்கம். 81 பாயிண்ட், 71 கோல், சாம்பியன். ஆனா அதே வருஷம் லிபர்டடோரஸ் நாக்-அவுட்ல பராகுவே டீம் குவாரனிகிட்ட ரெண்டு மேட்சும் தோத்துட்டாங்க. 38 மேட்ச் லீக்ல போகப் போக சரி பண்ணிக்கலாம். உங்களுக்கு அந்த டைம் எங்க இருக்கு? 2012-ஐ எடுங்க.

ராயபுரம் டச்லைன்
ஸ்டாப்பர் அண்ணன் சொல்றது சரிதான், ஆனா ஒருநாளும் 4-1-4-1 கத்துத்தராமலே விட்டுடாதீங்க. இப்போதைக்கு இதைப் பண்ணுங்க. பாதி கிரவுண்ட். நாலு பேக், ரெண்டு ஹாஃப் (பேக்குங்களுக்கு முன்னாடி நிக்கற மிட்ஃபீல்டர்), கோலி ஒரு பக்கம்; எட்டு பேர் அட்டாக். 8 நிமிஷம், 2 நிமிஷம் ஓய்வு, மூணு தடவை. ஒரே சட்டம்: ரெண்டு ஹாஃபும் பந்துக்கு முன்னாடி போயிட்டா விசில், பந்து எதிராளிக்கு. பேக் லைனுக்கும் ஹாஃப் லைனுக்கும் நடுவுல 10-12 மீட்டர்தான் இருக்கணும், அதைத் தாண்டினாலும் விசில். முதல் வாரம் விசில் சத்தம் மட்டும்தான் கேட்கும், பரவால்ல.

பேக்குங்க ஒண்ணா நகர ஒரு நீளக் கயிறு, ஆளுக்கு ஆள் 8 மீட்டர். கையிலதான் பிடிக்கணும். இடுப்புல கட்டினா ஒருத்தன் விழும்போது நாலு பேரும் விழுவானுங்க.

எங்க சொதப்பும்னா, கீழ நிக்கறவனா பாஸ் நல்லாப் போடற பையனைத்தான் எல்லாரும் போடுவாங்க. ரால்ஃப் அந்த ரகம் இல்ல. பந்தைப் பிடுங்கி, பக்கத்துல இருக்கறவன்கிட்ட கொடுத்துட்டு அதே இடத்துல நிப்பார். நிக்கத் தெரிஞ்ச பையனைத் தேடுங்க. ஏரியாவுல அவன்தான் கிடைக்கமாட்டான், எல்லாருக்கும் பத்தாம் நம்பர் சட்டை வேணும்.

பேசின் பிரிட்ஜ்
ஃபார்மேஷனுக்கு முன்னாடி முழங்காலைப் பாருங்க. டிட்டேவே மிட்ஃபீல்டர்தான். 1986-ல குவாரனி, பிரேசில் லீக் ஃபைனல்ல சாவோ பாவ்லோகிட்ட பெனால்டியில தோத்தப்ப அந்த டீம்ல இருந்தவர் (இது கம்பீனாஸ் ஊர் குவாரனி, மேல சொன்ன பராகுவே டீம் வேற). முழங்கால் போய் முப்பது வயசுக்கு முன்னாடியே பூட்ஸைக் கழட்டிட்டார், 1990-லயே சின்ன டீமுக்கு கோச். காய்ஞ்ச மண்ணுல நீளமான ஸ்டட் வேணாம். கால் தரையில மாட்டிக்கும், உடம்பு மட்டும் திரும்பும். குட்டையான ரப்பர் ஸ்டட் போதும். ஆரம்பிக்க அரை மணி முன்னாடி தண்ணி தெளிங்க.

இன்னொண்ணு, பிரேசில்காரங்க அவர் பேரைச் சொல்றதை அப்படியே எழுதினா 'சீச்சி'ன்னு வரும். பசங்ககிட்ட டிட்டேன்னே சொல்லுங்க, இல்லன்னா சிரிச்சே நாள் போயிடும்.

வியாசை எட்டாம் நம்பர்
அப்ப 4-2-3-1, விசில் டிரில். நிக்கறதுக்கு லெஃப்ட் பேக் பையன் ஒருத்தன் இருக்கான், இடது கால் மட்டும்தான். நடுவுல போடலாமா?

ராயபுரம் டச்லைன்
போடுங்க. ரெண்டு ஹாஃப்ல இடது பக்கம் நிக்கட்டும். வலது பக்கம் திரும்பி பாஸ் போடச் சொல்லாதீங்க, பின்னாடி நிக்கற சென்டர் பேக்குக்கே திருப்பிக் கொடுக்கட்டும்.