கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும்: அடுக்கு உடை பற்றி உங்கள் அனுபவங்களும் வேண்டும்

முகட்டுப்பாதை:

பனிமலையில் ஐந்து நாள் நடை போயிருந்தேன். மூன்றாம் நாள் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதே தப்பை இன்னொருவர் செய்யக்கூடாது.

அன்று விடியற்காலை நாலரை மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது மைனஸ் 12 டிகிரி. பையில் இருந்ததையெல்லாம் மாட்டிக்கொண்டேன். உள்ளே தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் பஞ்சுபோன்ற செயற்கைத் துணிச் சட்டை, அதன்மேல் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஷெல். கூடார வாசலில் நிற்கும்போது போர்வைக்குள் இருப்பதுபோல இதமாக இருந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏற்றம் தொடங்கி இருபது நிமிடத்தில் முதுகில் வியர்வை ஓட ஆரம்பித்துவிட்டது. நின்று ஒன்றைக் கழற்றலாம் என்றால் முன்னால் போகிறவர்கள் நிற்கவில்லை. என் ஒருவனுக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டுமா என்ற கூச்சம். அப்படியே இரண்டு மணி நேரம் ஏறினேன். முகட்டுக்கு வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போலத் தெரியும். அங்கே பத்து நிமிட ஓய்வு.

அந்தப் பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. ஃப்ளீஸ் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டவுன் ஜாக்கெட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். உப்பலாக இருக்க வேண்டிய இறகு ஈரத்தில் சுருண்டு, தையலுக்குத் தையல் சின்னச் சின்ன முடிச்சாகக் கிடந்தது. காலர் ஓரத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஜிப்பை மேலே இழுக்கப் போனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொடவில்லை. வழிகாட்டி என்னிடம் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன், ஆனால் நாக்கு குழறியது எனக்கே கேட்டது.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என்னை ஒரு பாறை மறைவுக்கு இழுத்துப்போய், ஈரமானதையெல்லாம் கழற்றி, தன் பையிலிருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு, அதன்மேல் தன் தடித்த ஜாக்கெட்டையும் போட்டுவிட்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் நடுக்கம் நின்றது. அப்போது சொன்னார்: "கிளம்பும்போது கொஞ்சம் குளிரணும் தம்பி. அப்பவே கதகதன்னு இருந்தா, துணி அதிகம்னு அர்த்தம்."

அன்றிலிருந்து தெர்மலும் மெல்லிய ஷெல்லும் மட்டும்தான் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். முதல் கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், பிறகு உடம்பே சூடேறிவிடும். அப்போதும் ஒரு தடவை நின்று கழுத்து ஜிப், அக்குள் ஜிப் எல்லாம் திறந்துவிடுகிறேன். யார் காத்திருந்தாலும் சரி.

விடியல் ஓட்டம்:

நண்பரே, படிக்கும்போதே விரல் விறைத்தது. என்னுடையது மலையில்லை, தினசரி ஓட்டம். ஆனால் பாடம் அதேதான்.

நல்ல ஜாக்கெட் வாங்கிவிட்டு, உள்ளே வழக்கமான பருத்திப் பனியனோடு ஓடிக்கொண்டிருந்தேன். ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஒருநாள் பாதி வழியில் கணுக்கால் பிசகி, நொண்டி நொண்டி நாலு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. வெளியே 2 டிகிரிதான். நடையில் உடம்புச் சூடு குறையக் குறைய, நெஞ்சில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியது போல அந்தப் பனியன் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

பருத்தி நாருக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு ஆசை. குடித்ததை எளிதில் விடாது. பாலியெஸ்டர் நார் தன் எடையில் 1 சதவீதம்கூட ஈரம் உறிஞ்சாது. வியர்வையை அடுத்த அடுக்குக்குக் கடத்திவிட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். கம்பளி வேறு மாதிரி. தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை நாருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், ஆனாலும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலை ஒட்டி நிற்பது காற்றா தண்ணீரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்னொன்று. பலர் மேலே கவனமாக எல்லாம் போட்டுவிட்டு உள்ளாடையில் கோட்டை விடுகிறார்கள். ஜட்டி, பிரா, காலுறை எதிலும் பருத்தி வேண்டாம்.

கூழைக்கடா:

முகட்டுப்பாதை அண்ணா, உங்களுக்கு நேர் எதிர் என் பிரச்சினை. நான் நீர்ப்பறவைகளைப் படம் எடுப்பவள். ஏரிக்கரையில் ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். சும்மா இருக்கும் உடம்பு உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட். ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான். ஏற்றம் ஏறுகிற உடம்பு அதைப்போலப் பல மடங்கு சூட்டைத் தருகிறது. அதனால் நடப்பவர்கள் சொல்லும் உடைக் கணக்கு உட்காருகிறவர்களுக்குச் சரிப்படாது. எனக்கு இது புரிய ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

முதலில் பாதம்தான் படுத்தியது. இரண்டு ஜோடித் தடித்த காலுறையைப் போட்டு ஷூவுக்குள் காலைத் திணித்தேன். ஒரு மணி நேரத்தில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஷூ இறுக்கிப் பிடித்ததில் ரத்த ஓட்டமே குறைந்துபோயிருந்தது, காலுறைக்குள் நிற்க வேண்டிய காற்றும் நசுங்கிவிட்டது. சூட்டைப் பிடித்து வைப்பது துணியல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று என்று அன்றுதான் புத்திக்கு உறைத்தது. இப்போது ஒரு அளவு பெரிய ஷூ, ஒரே ஒரு கம்பளிக் காலுறை. காலுக்கடியில் ஒரு துண்டு ஃபோம் பாய். ஷூவை மாற்றியதைவிட அந்தப் பாய்தான் அதிகம் காப்பாற்றியது, ஏனென்றால் உறைந்த தரை பாதத்தின் சூட்டை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கைக்கு, நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன். உள்ளே மெல்லிய கையுறை. ஷட்டரை அழுத்தும்போது மட்டும் மிட்டனைக் கழற்றி மணிக்கட்டில் தொங்கவிடுவேன்.

ஏரிக்கரைக்கு நடந்து போகும்போது தடித்த ஜாக்கெட் பையில்தான் இருக்கும். உட்கார்ந்த அடுத்த நொடியே போட்டுக்கொள்வேன், குளிரட்டும் என்று காத்திருக்க மாட்டேன். உடம்பில் சூடு இருக்கும்போதே மூடினால்தான் அது உள்ளே தங்கும். ஷெல்லுக்கும் மேலே போடும்படி பெரிய அளவாக வாங்கியிருக்கிறேன். ஷெல்லைக் கழற்றுகிற அந்த அரை நிமிடத்தில்கூடக் காற்று உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

பழம்பாதை:

அடுக்கடுக்காக உடுத்துவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் கரிபூ மான் தோலில் இரண்டு மேலாடை தைத்துக்கொண்டார்கள். உள்ளே போடுவதில் ரோமம் உடம்பைப் பார்த்து இருக்கும், வெளியே போடுவதில் ரோமம் வெளியே. உழைக்கும்போது ஒன்று போதும். எல்லாமே தளர்வாக இருக்கும், வியர்க்கும் முன் காற்று உள்ளே புழங்கும். 1903 முதல் 1905 வரை இன்யூட்டில் ஒரு பிரிவினரான நெட்சிலிக் மக்களின் அருகில் தங்கி நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென் இதைக் கற்றுக்கொண்டார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தில் முதலில் கால் வைத்தவர் அவர்.

1922இல் ஜார்ஜ் ஃபின்ச் என்ற மலையேறி பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் இறகை அடைத்து மேலங்கி தைத்துக்கொண்டு எவரெஸ்டுக்குப் போனார். உடன் வந்தவர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் 8,300 மீட்டருக்கு மேல் ஏறியவர்களில் அவர் ஒருவர்.

1924இல் எவரெஸ்டில் மறைந்த மலையேறி ஜார்ஜ் மேலோரியின் உடல் 1999இல் கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய துணிகள் பல, வெளியே நெருக்கமாக நெய்த காபர்டின். 2006இல் அதே உடைகளை நகலெடுத்துத் தைத்து எவரெஸ்டிலேயே அணிந்து பார்த்தார்கள். எடை குறைவாகவும் அசைய வசதியாகவும் இருந்தது. 'அந்தக் காலத்து ஆட்கள் வெறும் கோட்டோடு ஏறப் போனார்கள்' என்ற ஏளனத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் துணிகளைப் பற்றிப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. ஒவ்வொரு அடுக்கையும் யோசித்து யோசித்துப் போட்டிருக்கிறார்.

ஈரப்பனி:

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். நான் அதிகம் பயந்தது மைனஸ் 15இல் இல்லை, 3 டிகிரி மழையில். உலர்ந்த பனியைத் தட்டிவிடலாம், மழையை முடியாது. ஷெல்லின் வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால், உள்ளேயிருந்து ஆவி வெளியேறுவது தடைபடும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நாம் நினைப்போம், பாதி நேரம் அது நம் வியர்வைதான். முறையாகத் துவைத்து, அளவான சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் பழையபடி உருள ஆரம்பிக்கும். அந்தப் பூச்சு தேய்ந்துபோனால் தண்ணீர் ஒட்டாமல் செய்யும் தெளிப்பான் வாங்கி அடிக்க வேண்டியதுதான். மழை இருந்தால் டவுனை நம்பாதீர்கள், செயற்கைப் பஞ்சு அடைத்ததை எடுத்துப் போங்கள்.

முகட்டுப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. கூழைக்கடா, அந்த ஃபோம் பாய் யோசனைக்கு உங்களுக்குத் தனியாக.

பேச்சுக் குழறல் பற்றி உள்பெட்டியில் இருவர் கேட்டிருந்தீர்கள். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போனாலே ஆபத்து. கை தடுமாறும், கால் இடறும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். அந்த நேரத்தில் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்கிறவரின் பேச்சைக் கேட்கவே கூடாது. நானும் அதையேதான் சொன்னேனாம், வழிகாட்டி பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

போன மாதம் மறுபடியும் அதே பாதையில் போனேன். இந்தத் தடவை ஏற்றத்தில் மூன்று முறை நின்றேன். என் பின்னால் வந்த பெண் ஒருவர், நான் ஜிப்பைத் திறப்பதைப் பார்த்து, தானும் நின்று ஃப்ளீஸைக் கழற்றிப் பையில் வைத்தார். என் பையின் அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு கம்பளிச் சட்டை கிடந்தது. அதை நான் கூடாரம் போய்ச் சேரும்வரை தொடவேயில்லை.