இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாட்டுப்பற்று இருக்கா? நான் பாத்ததைச் சொல்றேன், நீங்களும் சொல்லுங்க

வேலூர்ப் பக்கம் ரிட்டயர்டு ஹவில்தார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆர்மில இருந்து பென்ஷன்ல வந்தவன், இப்போ எங்க ஊர் ஹைஸ்கூல் கிரவுண்ட்ல காலைல பசங்களுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்குறேன், காசு வாங்குறதில்ல. கல்யாண வீடு, டீக்கடை, கேன்டீன் க்யூன்னு எங்க போனாலும் என் வயசுக்காரங்க ஒரே பேச்சுதான், இந்தப் பசங்களுக்கு நாடாவது ஒண்ணாவது, ரீல்ஸ் பாக்கவே நேரம் பத்தலன்னு. கேக்கவே கஷ்டமா இருக்குங்க. ஏன்னா நான் தினமும் பாக்குறது வேற.

காலைல நாலரை மணிக்கு கிரவுண்ட்ல நின்னா பசங்க வர்றது தெரியும். ஷூ கம்பெனில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வீட்டுக்குக்கூட போகாம நேரா வர்றவன் ஒருத்தன், பால் கறந்து சொசைட்டில ஊத்திட்டு வர்றவன் ஒருத்தன், மீதிப் பேரு காலேஜ். எல்லாம் ஆர்மில சேரத்தான். இப்போ அக்னிவீர்னு ஆள் எடுக்குறாங்க இல்ல, அந்த பிசிக்கல் டெஸ்ட்ல 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள ஓடினாத்தான் முழு மார்க்கு, பீம்ல தொங்கி 10 புல்-அப் எடுக்கணும், 9 அடி பள்ளம் தாண்டணும். அதெல்லாம் பண்ணிட்டு மெடிக்கல் போனா முட்டி தட்டுது, பாதம் தட்டையா இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அன்னைக்கு அழுதுட்டு மறுநாளே கிரவுண்டுக்கு வந்து தம்பிங்களுக்கு ஸ்டாப்வாட்ச் புடிச்ச பையனை நான் பாத்திருக்கேன். அவனுக்கு இனிமே அந்த கிரவுண்ட்ல ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல, ஆனாலும் வந்தான்.

2020 ஜூன் 15 ராத்திரி லடாக் எல்லையில கல்வான்ல சீனப் பட்டாளத்தோட நடந்த மோதல்ல நம்ம ஆளுங்க 20 பேர் வீரமரணம் அடைஞ்சாங்க இல்லையா, அதுல ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர் ஹவில்தார் பழனியும் ஒருத்தர், பின்னாடி அவருக்கு வீர் சக்ரா விருது குடுத்தாங்க. அந்த செய்தி வந்ததும் இனிமே வீட்ல பசங்களை விடமாட்டாங்க, கூட்டம் குறைஞ்சிடும்னுதான் நெனச்சேன். லாக்டவுன் தளர்ந்து கிரவுண்ட் திறந்தப்போ புதுசா ரெண்டு பசங்க வந்து நிக்கிறாங்க. ஏண்டா இப்போன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியல, தலையைக் குனிஞ்சுக்கிட்டானுங்க. அவங்க அம்மாங்கதான் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு "எங்க புள்ளைய ஏன் உசுப்பி விடுறீங்க"ன்னு சண்டை போட்டாங்க. நான் உசுப்பவே இல்லம்மான்னு எவ்ளோ சொல்லியும் அவங்க நம்பல.

அதுல ஒருத்தனோட கதை வேற மாதிரி ஆயிடுச்சு. கொரோனான்னு ரெண்டு வருஷம் ஆள் எடுப்பே நடக்கல. அப்புறம் 2022 ஜூன் 14 அன்னைக்கு இந்த அக்னிவீர்களை எடுக்குற அக்னிபத் திட்டம் அறிவிச்சாங்க. வயசு பதினேழரைல இருந்து 21, அந்த ஒரு வருஷம் மட்டும் 23 வரைக்கும் விட்டாங்க. சர்வீஸ் 4 வருஷம், 100 பேர்ல 25 பேருக்கு மேல நிக்க முடியாது, மத்தவங்க சுமார் 11.7 லட்சம் வாங்கிட்டு வீட்டுக்கு வரணும், பென்ஷன் கிடையாது, எக்ஸ் சர்வீஸ்மேன்ங்கிற பேரும் கிடையாது. நான் அவன்கிட்ட கேட்டேன், நாலு வருஷம் உனக்குப் போதுமாடான்னு. "போதாது சார், ஆனா உள்ள போக வேற வாசல் இல்லையே"ன்னான். எக்ஸாம்ல ரெண்டு மார்க்ல போச்சு, வயசும் தாண்டிடுச்சு. இப்போ ஓசூர்ல கம்பெனி வேலை. லீவுக்கு வந்தா இன்னும் கிரவுண்டுக்கு வந்து ஓடுறான். இவனைப் பாத்து நாட்டுப்பற்று இல்லாத தலைமுறைன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வராம என்ன வரும்? அவங்க குடுக்க ரெடியாதான் நிக்கிறாங்க, வாங்கிக்கத்தான் நம்மகிட்ட இடம் இல்ல.

ஓட்டம் மட்டும் இல்லைங்க. ஒரு ஆகஸ்ட் 15 கிராம சபைல நடந்ததையும் சொல்லணும். கொடியேத்தி முட்டாய் குடுத்து முடிச்சு கூட்டம் ஆரம்பிச்சதும் நர்சிங் படிக்கிற ஒரு பொண்ணு எழுந்து, காலனிக்குப் போற தண்ணி டேங்க் எப்போ கழுவினீங்க, அதுக்கு எவ்ளோ செலவு எழுதியிருக்கீங்க, படிச்சுக் காட்டுங்கன்னு கேட்டுச்சு. குரல் நடுங்குச்சு, ஆனா உக்காரல. பக்கத்துல ஒரு பெரியவர், சுதந்திர தினத்துல வந்து கேள்வி கேக்குது பாரு, நாட்டு மேல மரியாதையே இல்லன்னார். நான் திரும்பி, ஐயா அன்னைக்கு எல்லாம் ஜெயிலுக்குப் போனது இப்படிக் கேள்வி கேட்டுத்தானேன்னு சொன்னேன். வ.உ.சி செக்கிழுத்தாருன்னு மேடைல பேசுறோம், அவர் 1908ல தூத்துக்குடி கோரல் மில்லு தொழிலாளிங்களுக்காக சம்பளம் கேட்டு நின்னவரு, அதையும் சேத்துத்தான பேசணும்.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

தேர்ட் இயர் பி.காம்:

அங்கிள் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. எங்களுக்குப் பிடிக்காதது நாடு இல்ல, கட்டாயம். தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி தேசிய கீதம் போட்டே ஆகணும்னு 2016 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, 2018 ஜனவரில அதே கோர்ட் கட்டாயம் இல்லன்னு மாத்திடுச்சு. நடுவுல எழுந்திருக்கலன்னு சண்டை எல்லாம் நடந்துச்சு. ஆனா 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல எங்க அண்ணன் மெரினால இருந்தான், கடைசி நாள் காலைல போலீஸ் கலைக்க வந்தப்போ கூட்டமே எழுந்து நின்னு தேசிய கீதம் பாடுச்சாம். யாரும் பாடச் சொல்லல. அவன் அதை இப்பவும் சொல்லும்போது குரல் மாறிடும்.

இன்னொண்ணு. 2022ல வீட்டுக்கு வீடு கொடி ஏத்தச் சொன்னாங்கல்ல, கொடியோட செல்ஃபி எடுத்து வெப்சைட்ல ஏத்தினா சர்டிபிகேட் வரும், நான் அப்போ ப்ளஸ் டூ, எங்க கிளாஸ்ல எல்லாரும் எடுத்தோம். அதுக்கப்புறம் தெருவுல கிழிஞ்சும் சாக்கடை ஓரமாவும் கொடி கிடந்துச்சு. எங்க தெருப் பசங்க நாலஞ்சு பேர் சாயந்திரம் பை எடுத்துட்டுப் போய் பொறுக்கினாங்க, நானும் போனேன். பழசான கொடியை மத்தவங்க கண்ணு படாம மரியாதையா எரிக்கணும்னு கொடி விதில இருக்கு, அதைத் தேடிப் படிச்சுட்டு மொட்டைமாடில வெச்சு அப்படியே பண்ணோம். போட்டோ எடுக்கலாமான்னு ஒருத்தி கேட்டா, வேணாம்னு எல்லாரும் சொல்லிட்டோம்.

கம்மவான்பேட்டைப் பக்கம்:

எங்க பக்கம் மிலிட்டரி ஊர்னு உங்களுக்கே தெரியும் அண்ணா, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளம். எங்க அப்பாவும் பட்டாளம்தான். தம்பி போகமாட்டேன்னுட்டான், அவனுக்குப் படிப்பு மேல ஆசை, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. தங்கச்சிதான் மிலிட்டரி போலீஸ்ல பொண்ணுங்களையும் எடுக்குறாங்கன்னு ஃபார்ம் போட்டா. அப்பா ஒரு மாசம் பேசல. அப்புறம் ஒருநாள் விடியக்காலைல அவ ஷூ போட்டுட்டு வெளிய வந்தா, அப்பா சைக்கிள் எடுத்து வெச்சுட்டு வாசல்ல நிக்கிறார்.

ஒரு வாசகர்:

தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தப் பசங்க போறது வேலைக்கு. சம்பளம் நின்னா ஒருத்தனும் ஓடமாட்டான். அதைப் போய் தேசபக்தின்னு பெருசா சொல்றது சரியா?

வேலூர்ப் பக்கம் ரிட்டயர்டு ஹவில்தார்:

தம்பி, கேட்டது நல்ல கேள்விதான். நான் சேந்ததும் சம்பளத்துக்குத்தான், எங்க அப்பா கூலி வேலை, வீட்ல அரிசி வாங்கணும். நாட்டுப்பற்றுன்னு ஒண்ணை முன்னாடியே நெஞ்சுல வெச்சுட்டு யாரும் ஆள் எடுப்பு ரேலிக்குப் போறதில்ல. உள்ள போனதுக்கப்புறம் பஞ்சாப்காரன் சப்பாத்தியைப் பிச்சு உன் தட்டுல வெப்பான், நாகாலாந்துக்காரன் உனக்கு ஜுரம்னா உன் டியூட்டியையும் சேத்துப் பாப்பான், அப்புறம்தான் நாடுன்னா இவங்கதான்னு உடம்புக்கே புரியும். சோத்துக்குப் போனவனுக்குப் பற்று இருக்கக் கூடாதுன்னா ஏழை வீட்டுப் புள்ளைங்க யாருக்குமே அது இல்லன்னு ஆயிடும், அதை நான் ஒத்துக்கமாட்டேன். பட்டாளத்துல அதிகம் நிக்கிறது அவங்கதான்.

முதல் பேட்ச் அக்னிவீருங்க 2023 ஆரம்பத்துல டிரெய்னிங் போனவங்க. நாலு வருஷம் முடிஞ்சு ஊருக்குத் திரும்புற நூத்துக்கு 75 பேருக்கு என்ன வேலை, யாரு எடுத்துக்குவாங்க, அதைத்தான் நாம உக்காந்து பேசணும். பசங்களுக்குப் பற்று இருக்கான்னு பரீட்சை வெக்கிறது அப்புறம்.

பி.காம் பாப்பா, நீ எழுதினதை காலைல பசங்ககிட்ட படிச்சுக் காட்டினேன்.

அப்புறம் ஒரு உதவி. 2023ல இருந்து ஆள் எடுப்புல கம்ப்யூட்டர்ல எழுதுற எக்ஸாம்தான் முதல்ல, அதுல பாஸானாத்தான் ஓடவே விடுவாங்க. எங்க பசங்க ஓட்டத்துல நிக்கிறாங்க, கணக்குல விழுறாங்க. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் கணக்கும் ஜிகேவும் சொல்லிக் குடுக்க யாராவது இருந்தா இங்க எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வந்தாலும் போதும், ஸ்கூல் வராண்டால உக்கார அனுமதி வாங்கிட்டேன், போர்டும் இருக்கு.