டார்கெட்டும் மனசாட்சியும்: இந்த வேலையில் ஒரு விசுவாசி இருக்கலாமா?

வாரநாள்_விசுவாசி:
ஒரு கடன் நிறுவனத்தின் கால் சென்டரில் தனிநபர் கடன் விற்கிறேன். மாத வட்டியை மட்டும் சொல்லு, பிராசஸிங் கட்டணத்தையும் கூடவே சேர்த்துவிடும் காப்பீட்டையும் கேட்டால் மட்டும் சொல்லு என்பது டீம் லீடரின் வாய்மொழி உத்தரவு. மாதம் 1.5 சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாகப்படும். வருடத்துக்கு அது 18. நான் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் கேட்பவருக்கு உண்மை போய்ச் சேர்வதில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் நாக்கு வரமாட்டேன் என்கிறது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். வேலையை விடுவதா, இருந்துகொண்டே விசுவாசத்தைக் காப்பதா? வசனத்தோடு சொல்லுங்கள், வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் சொல்லுங்கள்.

பட்டறைத்_தம்பி:
அவசரப்பட்டு ராஜினாமா எழுதிடாதீங்க பிரதர். 2 இராஜாக்கள் 5-ல் சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பாருங்க. குஷ்டம் நீங்கினதும், இனி கர்த்தருக்கே தவிர வேறு யாருக்கும் பலியிட மாட்டேன்னு சொல்றான். அடுத்த மூச்சிலேயே ஒரு விண்ணப்பம்: என் ராஜா எங்க ஊர் தெய்வம் ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையைப் பிடிச்சுக்குவார், நானும் குனியணும், அதை மட்டும் கர்த்தர் மன்னிக்கட்டும். அவனைக் குணமாக்கின தீர்க்கதரிசி எலிசா அவனுக்குப் பிரசங்கம் பண்ணலை. "சமாதானத்தோடே போ" என்றார். ஒபதியாவும் ஆகாப் ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்துக்கிட்டேதான், ராணி கொல்லத் தேடின நூறு தீர்க்கதரிசிகளைக் கெபியில் ஒளிச்சுவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். நல்லவங்க எல்லாம் எழுந்து போயிட்டா அந்த நாற்காலியில் யார் உட்காருவாங்க?

மறுகரை:
அந்த நாற்காலி நியாயத்தை எந்த அநியாயத் தொழிலுக்கும் சொல்லிவிடலாம். அதனாலேயே எனக்கு அதில் பிடிப்பு இல்லை. மத்தேயு வரி வசூலிக்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவர். இயேசு கூப்பிட்டதும் எழுந்து போனார். கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் விக்கிரகம் செய்து பிழைத்த கிறிஸ்தவர்களும் "எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை" என்றுதான் சொன்னார்கள். விசுவாசம் பசிக்கு அஞ்சாது என்று அந்த ஊர்க் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பதில் எழுதினார். கடுமையான வார்த்தைதான். ஆனால் கேட்டவரின் நாக்கு சபையில் எழவில்லையே, அதை விடவா கடுமை?

பட்டறைத்_தம்பி:
தனியாளுக்கு அது சரி. இங்கே பசிக்கப்போறது பிள்ளைகளுக்கு. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினதும் வேதம்தானே?

ஞாயிறு_ஷிப்ட்:
ராஜினாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், போனின் மறுமுனையில் இருப்பவரை யாரும் நினைக்கவில்லை.

நான் செவிலியர். ஞாயிறு ட்யூட்டியால் ஆராதனை தவறும்போது வருத்தம் வரும், குற்றவுணர்வு வராது. ஓய்வுநாளிலும் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அது என் இழப்பு, நானே சுமக்கிறேன். ஒரு மருந்தின் பக்கவிளைவை நோயாளியிடம் மறைக்கச் சொன்னால் கதையே வேறு. நாகமான் குனிந்தான், முதுகும் அவனுடையது, சங்கடமும் அவனுடையது. யாருடைய பையும் காலியாகவில்லை. இங்கே குனிவது நீங்கள், தவணை கட்டுவது இன்னொருவர். எலிசா சொன்ன சமாதானம் இதற்குச் செல்லாது, தம்பி.

நமக்கு வேண்டியது லூக்கா 3-ல் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஆயக்காரர் கேட்கிறார்கள். யோவான்ஸ்நானன் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதிருங்கள் என்கிறார். லேசான பதில் போலத் தெரியும். ஆனால் அந்த வசூல் குத்தகைக்கு எடுத்த தொழில், கூடுதலாகக் கறந்தால்தான் கை நிறையும். சரியாக அந்த இடத்தில் கையை வைத்தார். உங்கள் வேலையில் அந்த இடம் நீங்கள் வாசிக்காமல் விடும் கட்டணம்தான்.

பீடம்_விட்டவன்:
நான் விசுவாசத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் சொல்கிறேன். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் வசனத்தை எனக்குச் சொல்லி அதிக நேரம் வேலை வாங்கியது என் மேலாளரே. அந்த வசனம் முதலில் போய்ச் சேர்ந்தது அடிமைகளுக்கு. அதன் பிறகு இரண்டே வசனம் தள்ளி, எஜமான்களே, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று வருகிறது. அதைப் பற்றி நான் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. டார்கெட் போட்டவரை விட்டுவிட்டு டார்கெட்டில் மாட்டியவரின் மனசாட்சியை மட்டும் கிளறுகிற மதம் எனக்கு எதற்கு?

மறுகரை:
வேதம் டார்கெட் போட்டவனை விட்டுவிடவில்லை ஐயா. யாத்திராகமம் 5-ல் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலருக்குச் செங்கலுக்கான வைக்கோலை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கையில் செங்கல் கேட்கிறான் பார்வோன். ஆராதிக்கப் போகவேண்டும் என்று கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்கிறான். அவன் முடிவு என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். கூலியில் வஞ்சிப்பது வானத்தின் கோபத்தைக் கூப்பிடும் குற்றம் என்று 1891-ல் போப் 13-ஆம் லியோ சுற்றுமடலே எழுதினார்.

பீடம்_விட்டவன்:
எழுதினார்கள், மறுக்கவில்லை. சபையில் முன் வரிசையில் உட்காரும் முதலாளியிடம் அதைச் சொல்பவர் யார்? அதுதான் என் கேள்வி.

மறுகரை:
பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அந்தக் கோபத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அதற்காக ஆண்டவரை விட எனக்கு மனம் வரவில்லை.

வாரநாள்_விசுவாசி:
ஷிப்ட் அக்கா சொன்னதிலிருந்து மனம் நகரவில்லை. இனி வாடிக்கையாளர் சம்மதம் சொல்வதற்கு முன்பே வருட வட்டி, கட்டணம், காப்பீடு மூன்றையும் வாசித்துவிடப் போகிறேன். டீம் லீடருக்கும் அதை மெயிலில் எழுதிவிடுகிறேன். மறைக்கச் சொல்வதானால் அவரும் எழுத்தில் சொல்லட்டும். வேறு வேலையும் தேடுகிறேன்.

மறுகரை:
எண்ணிக்கை விழுந்ததும் அவர்களே வெளியே அனுப்புவார்கள். இப்போதே விட்டால் என்ன என்றுதான் இன்னமும் கேட்பேன்.

பட்டறைத்_தம்பி:
அனுப்பட்டுமே. அதுவரை ஒழுங்கா விவரம் சொல்ற ஒரு ஆளாவது அந்த லைனில் இருப்பாங்க.

ஞாயிறு_ஷிப்ட்:
இனி வருபவர்களுக்குச் சரி. ஏற்கெனவே தெரியாமல் வாங்கியவர்கள்? ஆயக்காரரான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. அந்தக் காப்பீட்டை ரத்து செய்ய அவகாசம் இருந்தால், அதையாவது அவர்களுக்குச் சொல்லலாமே.

வாரநாள்_விசுவாசி:
அவகாசம் உண்டு. சமீபத்தில் வாங்கியவர்களுக்கு இன்னும் முடியவில்லை.

பட்டறைத்_தம்பி:
அப்போ அவங்களை முதல்ல கூப்பிடுங்க. சொந்த போனில் வேண்டாம், வாடிக்கையாளர் நம்பரை வெளியே எடுத்தா அது வேற தப்பாயிடும். ஆபீஸ் லைனில், பதிவாகிற காலிலேயே சொல்லுங்க.