பள்ளியில் நட்ட கன்று மே மாதத்தைத் தாண்ட

சென்னைப் பள்ளிகளில் பெரும்பாலும் உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்றுதான் கன்று நடுகிறார்கள். நம் ஊருக்கு அது சரியான நாளே இல்லை. அப்போது இங்கே அவ்வப்போது சாயங்கால மழைதான். மண் ஊறுகிற மழை அக்டோபரில்தான் வரும். செப்டம்பரிலேயே குழி வெட்டி ஆறப்போடுங்கள். இரண்டு நல்ல மழை இறங்கியதும் நட்டால், கோடை விடுமுறைக்குள் ஆறு மாதம் வேர் ஓடியிருக்கும்.

குழி இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மூன்று சட்டி மேல்மண்ணுக்கு ஒரு சட்டி மக்கிய தொழுவுரம், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் வேர் வெந்துவிடும், கரையானும் ஏறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. உரத்தை இரட்டிப்பாக்கி, குழியின் அடியில் ஊறவைத்த தேங்காய் மட்டையைப் பரப்புங்கள். புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இதற்கு நேர்மாறு: களிமண்ணில் வெட்டிய குழி தொட்டி மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும், வேர் அழுகும். அங்கே ஓரடி மேடு கட்டி நீர்மருது, நாவல் வையுங்கள்.

கன்று வாங்கும்போது அது இருக்கும் பையையும் பாருங்கள். கன்று உயரமாக இருக்கிறதென்று வாங்கிவிடுகிறார்கள். சின்னப் பையில் நாள்பட நின்ற கன்றுக்கு அடியில் வேர் வளையல் வளையலாகச் சுற்றியிருக்கும். பிளேடால் பையைக் கீறி எடுத்ததும் அந்தச் சுருளை வெட்டிவிடுங்கள். மண்கட்டியின் பக்கவாட்டிலும் மூன்று இடத்தில் மேலோட்டமாகக் கீறுங்கள். அப்படியே புதைத்தால் மேலே தழைக்கும், வருடங்கள் கழித்துக் காற்றில் சாயும். 2016 டிசம்பர் வர்தா புயலில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் எத்தனை விழுந்தன என்று இந்த ஊருக்கே தெரியும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வேம்பு, புங்கன், மகிழம் போதும். கன்றைச் சுற்றி நாலடிக்கு சிமென்ட் போட விடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர் விஷயம். விடுமுறையில் யார் ஊற்றுவது என்பதை நடுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். வாட்ச்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் நிற்காது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கன்றுவாரியாக முறை எழுதிக் கொடுங்கள். மே மாதத்தில் வாரம் மூன்று முறை, கன்றுக்கு ஒரு குடம், காலை ஏழு மணிக்குள். ஆர்ஓ குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள். உப்பு சேர்ந்து முதலில் இலை நுனி பழுப்பாகும், பிறகு ஓரமெல்லாம் கருகும். அதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

சவுக்குக் கழியில் கட்டும்போது பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், பழைய வேட்டித்துணியை எட்டு (8) வடிவில் சுற்றிக் கட்டுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.