குழந்தைகள் காப்பகம்: எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கில் எது நிர்வாகச் செலவு?

கேள்வி:
வணக்கம். காப்பகத்தில் ஆசிரியர், சமையலர் சம்பளம், வேன் டீசல், ஆடிட்டர் ஃபீஸ் இவற்றில் எதெல்லாம் நிர்வாகச் செலவுக்கான 20 சதவீத வரம்புக்குள் வரும்? அவசரத்துக்கு உள்ளூர் நன்கொடையை எஃப்.சி. (வெளிநாட்டு நன்கொடை) கணக்கில் போடலாமா?

பதில் 1:
2020 திருத்தத்துக்கு முன் வரம்பு 50 சதவீதம், இப்போது 20. அந்த நிதியாண்டில் வந்த வெளிநாட்டுப் பணத்தின் மீதுதான் கணக்கு. ஆடிட்டர் ஃபீஸ், அலுவலக வாடகை, வண்டி ஓட்டும் செலவு, கணக்காளரின் சம்பளம் எல்லாம் நிர்வாகம். ஆசிரியர் சம்பளம் நேரடிப் பணி, நிர்வாகம் அல்ல என்று எஃப்.சி.ஆர்.ஏ. விதி 5 சொல்கிறது. பிள்ளைகளுக்கே சமைப்பவரையும் அப்படியே காட்டலாம். பணி நியமனக் கடிதத்தில் வேலையைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டு வேலையும் பார்ப்பவருக்கு டைம்ஷீட் (நேரப் பதிவு) வைத்துச் சம்பளத்தைப் பிரித்துக் காட்டுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சில் உட்கார்ந்து பிரித்தால் ஆடிட்டில் நிற்காது. மாதாமாதம் சதவீதம் பாருங்கள்.

பதில் 2:
உள்ளூர்ப் பணத்தை ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடை முதலில் டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அங்கிருந்து உங்கள் ஊர் பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றலாம். பலர் தடுமாறுவது கொடுப்பவரின் குடியுரிமையில். கனடா குடியுரிமை பெற்ற உறவினர் ஊருக்கு வந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் சரி. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்ளூர்க் கணக்கு. ரசீது போடும் முன் பாஸ்போர்ட் நகல் வாங்கிவிடுங்கள்.

பதில் 3:
எஃப்.சி. பணத்தை வேறு தொண்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்துக்கு டிசம்பர் 31 கடைசி நாள்.