ஏழு டிகிரி வெறும் வியாபாரப் பேச்சா?

பேரி பயணி:
ஸ்காபரோ மூத்தவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டொராண்டோவில் பனிக்கால டயர் தேவையே இல்லையாம். எல்லாப் பருவ டயரே போதுமாம். ஏழு டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகும் என்பது டயர் விற்பவர்கள் கிளப்பிவிட்ட கதையாம். ஐயா, இங்கே புதிதாக வந்தவர்களும் படிக்கிறார்கள். உங்களை நம்பி ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு 400 நெடுஞ்சாலையில் ஏறினால் யார் பொறுப்பு? ஏழுக்குக் கீழே எல்லாப் பருவ டயரின் ரப்பர் இறுகும், பிடிப்பு குறையும். பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேலுள்ள மெல்லிய வெட்டுகள்தாம் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. இதில் கதை எங்கே இருக்கிறது?

ஸ்காபரோ மூத்தவர்:
தம்பி, நான் இந்த ஊருக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். எல்லாப் பருவ டயரில்தான் வேலைக்குப் போனேன், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் கோயிலுக்கும் கொண்டுபோனேன். 401 நெடுஞ்சாலையில் என் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நவம்பரில் காலை ஆறு டிகிரி, மதியம் ஒன்பது, மாலை ஐந்து. வேளைக்கு ஒரு டயர் மாற்றச் சொல்கிறீர்களா? தேவை என்றால் ஒன்டாரியோ அரசு சட்டம் போட்டிருக்கும். போடவில்லை.

மொன்றியல் தமிழன்:
உங்கள் அரசு போடவில்லை, எங்கள் அரசு போட்டது. எங்கள் கியூபெக் மாகாணத்தில் பனிக்கால டயர் 2008-இலிருந்து கட்டாயம். முதலில் டிசம்பர் 15-இல் தொடங்கியது. அது போதாது என்று 2019-இல் டிசம்பர் 1-க்கு முன்தள்ளினார்கள். மார்ச் 15 வரை கழற்றக் கூடாது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி டயரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். டொராண்டோக்காரர்கள் இரண்டு அங்குலப் பனிக்கே அலறுவது ஏன் என்று இப்போது புரிகிறது.

கொங்குக்காரன்:
வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்து இதுதான் எனக்கு முதல் குளிர்காலம். ஒரு சந்தேகம். ஏழு டிகிரி என்பது காற்றின் வெப்பநிலையா, சாலையின் வெப்பநிலையா? கடையில் ‘எல்லாப் பருவம்’ என்று ஒன்று, ‘எல்லா வானிலை’ என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் அந்தப் பனித்துகள் குறி இருக்கிறது. நீங்கள் எதைப் பற்றி வாதாடுகிறீர்கள்?

பேரி பயணி:
மூத்தவரே, சட்டம் இல்லை என்பதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் ஒன்டாரியோவே விதி வைத்திருக்கிறது. காப்புறுதி நிறுவனம் காரணமில்லாமல் ஒரு டொலர் விடுமா? ஏழு டிகிரி ஏழு டிகிரிதான்.

ஸ்காபரோ மூத்தவர்:
ஏழில் இறுகும், எட்டில் இறுகாது, அப்படித்தானே? ஆறரை டிகிரியில் போன எல்லோரும் பள்ளத்தில் விழுந்தார்களா? இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என் மருமகனின் வண்டி நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி. பனி கொட்டும் நாளில் சிவப்பு விளக்கு மாறியதும் முதலில் புறப்படுவது அவர்தான்.

பேரி பயணி:
புறப்படுவதில் என்ன பெருமை? நிற்க வேண்டுமே! நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்பும். பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான், அங்கே டயரின் பிடிப்பு மட்டுமே பேசும். நான் தினமும் வடக்கே பேரியிலிருந்து டொராண்டோவுக்கு வருகிறவன். வடமேற்குக் காற்று ஜார்ஜியன் வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும்போது முன்னால் போகிற லாரியின் விளக்கு கண்ணெதிரே மறைந்துவிடும். மைனஸ் பத்துக்குக் கீழே சாலையில் தூவும் உப்பும் சரியாக வேலை செய்யாது. அந்த நிமிடத்தில் உங்கள் அனுபவம் வந்து வண்டியை நிறுத்தாது. போன வருடம் கண்ணுக்குத் தெரியாத கரும்பனியைப் பற்றி நான் எழுதியபோதும் ‘பயந்தாங்கொள்ளி’ என்றீர்கள். மறக்கவில்லை.

விடியல் ஹாக்கி அம்மா:
காலை ஆறு மணிக்கு மகனை ஹாக்கிப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறவள் நான். பனிக்கால டயர்தான் போட்டிருக்கிறேன். ஆனால் ஏழு டிகிரியைவிட எனக்குப் பெரிய தலைவலி காருக்குள் ஓடும் பாட்டு. மிருதங்கத்தோடு ராப் பாடும் ஷான் வின்சென்ட் டி போல், யாஞ்சன் இருவரையும் மகன் அலறவிடுகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பனியில் டயர் வழுக்கும் சத்தம் காதில் விழ வேண்டாமா?

ஸ்காபரோ மூத்தவர்:
மிருதங்கத்தில் ராப்பா? குருவிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்ற வாத்தியத்தை இப்படியா ஆக்குவது? என் பிள்ளைகள் காரில் தேவாரம் கேட்டு வளர்ந்தார்கள்.

விடியல் ஹாக்கி அம்மா:
ஐயா, யாஞ்சன் முறையாக மிருதங்கம் கற்றவர்தான். கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறீர்கள். டயர் விஷயத்திலும் இதே கதைதான்.

மொன்றியல் தமிழன்:
ஹாக்கி என்றதும் நினைவுக்கு வந்தது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொட்டதே இல்லை. எங்கள் மொன்றியல் அணி கனேடியன்ஸ் அதை 24 முறை வென்றது. குளிர்காலத்தை யாரிடம் கற்க வேண்டும் என்பது தெளிவு.

பேரி பயணி:
உங்கள் கடைசிக் கோப்பை 1993. அப்போது பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடைப்பந்தைப் பாருங்கள்: 2019 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக எங்கள் டொராண்டோ ராப்டர்ஸ் அணியின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. அடுத்த மாதம் ராப்டர்ஸ் கோல்டன் ஸ்டேட் அணியை வென்று என்.பி.ஏ. கூடைப்பந்துக் கோப்பையைத் தூக்கியது. மொன்றியலுக்கு என்.பி.ஏ. அணியே கிடையாது.

மொன்றியல் தமிழன்:
கூடைப்பந்து அரங்குக்குள் ஆடுவது. அதற்குப் பனிக்கால டயர் தேவையில்லை.

பேரி பயணி:
ஹாக்கி மட்டும் தெருவிலா ஆடுகிறார்கள்?

கொங்குக்காரன்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. காற்றா, சாலையா? சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.

ஸ்காபரோ மூத்தவர்:
தம்பி கொங்குக்காரன், அந்தக் காசை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புங்கள். மெதுவாக ஓட்டினால் போதும்.

பேரி பயணி:
கேட்காதீர்கள் கொங்குக்காரன், நான்கு டயரும் வாங்குங்கள். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடும். மூத்தவரே, ‘மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக? 400 நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் உங்களை இடிப்பான். ஏழுக்குக் கீழே உங்கள் டயர் இறுகுமா, இறுகாதா? ஒரே சொல்லில் பதில்.

ஸ்காபரோ மூத்தவர்:
ஆறரையில் யார் விழுந்தார்கள் என்று நான் கேட்டதற்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.

பேரி பயணி:
கேள்விக்குக் கேள்வி பதில் ஆகாது. இறுகுமா, இறுகாதா?

மொன்றியல் தமிழன்:
24 கோப்பைகள்.